கடலிலிருந்து படிக்க வேண்டிய வரைபடம்

அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டம் ஒன்று ஆய்வுக்கு வந்தால், வரைபடக் கட்டிலிருந்து நான் முதலில் உருவுவது லெவல் தாளைத்தான். மேலே இருக்கும் தாள்களில் மரங்கள் பச்சை வட்டங்களாகவும் கார்கள் வரிசை கட்டியும் நிற்கும். அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் பிறகு. சர்வேயர் வெயிலில் நின்று எடுத்த தரைமட்டங்கள் எண்களாகச் சிதறிக் கிடக்கும் அந்த ஒரு தாள்தான், மழை பெய்தால் அங்கே என்ன நடக்கும் என்று சொல்லும்.

அதிலும் முதலில் பார்ப்பது, மட்டங்கள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதை. நிறையத் தாள்களில் மனையின் மூலைக் கல்லையோ மின்கம்பத்தின் அடியையோ 100.00 என்று வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதற்கு இத்தனை மேலே, இத்தனை கீழே என்று எழுதியிருப்பார்கள். கட்டடம் எழுப்ப அது போதும். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் மட்டம் சேர்ந்தால் கொத்தனாருக்கு வேலை நடக்கும். தண்ணீருக்கு அது போதாது. தெருவோர மழைநீர் வடிகாலின் அடிமட்டம், ஏரிக் கலங்கலின் உச்சி, வெள்ளம் ஏறிய உயரம் எல்லாம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டவை. 100.00 என்று சும்மா தொடங்கிய மனையை அவற்றோடு ஒப்பிட வழியே கிடையாது. அப்படித் தாள் வந்தால் வேறெதையும் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்திய நில அளவைத் துறையின் நிரந்தர மட்டக் குறியிலிருந்து மட்டத்தைக் கொண்டுவாருங்கள், மனைக்கு வெளியே நூறு மீட்டராவது நான்கு பக்கமும் எடுத்துத் தாருங்கள் என்று எழுதுவேன். இதற்காகப் பில்டர்கள் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். வெளியே இருப்பது எங்கள் நிலமே இல்லையே, அதை ஏன் அளக்க வேண்டும் என்பார்கள். தண்ணீர் அங்கிருந்துதான் உள்ளே வரும், அங்கேதான் திரும்பப் போகும். உள்ளே மட்டும் அளந்து என்ன பயன்?

நகராட்சிப் பொறியியல் பிரிவில் இருந்த காலத்திலும், வெளியே வந்து தனியாக ஆலோசனை சொல்லத் தொடங்கிய பிறகும், என் கைக்கு வந்த திட்டங்களில் பெரும்பாலானவை சென்னைக்குத் தெற்கே. வேளச்சேரியைத் தாண்டினால் மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம். அந்தப் பக்கம் வேலை செய்பவனுக்கு ஒரு நீர்வழி மனப்பாடமாக வேண்டும். மேலே இருக்கும் ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து விழும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாயில் தெற்கே போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடல். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது சதுப்பு நிலத்தின் பரப்பு சுமார் 1,250 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைப்போலப் பல மடங்கு விரிந்து கிடந்த நிலம் அது. தண்ணீர் வந்து உட்கார இடம் சுருங்கிவிட்டது. வரும் தண்ணீர் சுருங்கவில்லை.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வலுக்கும்போது கடல் ஓதம் ஏறியிருந்தால் முகத்துவாரத்தில் நீர் மெதுவாகத்தான் இறங்கும். கால்வாய் இறங்காவிட்டால் மடுவு இறங்காது. மடுவு இறங்காவிட்டால் சதுப்பு நிலம் நிறைந்தே நிற்கும். அது நிறைந்து நின்றால் அதில் வந்து சேரும் ஊர்க் கால்வாய்கள் தேங்கும், அவற்றில் சேரும் தெரு வடிகால்கள் தேங்கும். ஆகவே பெரும்பாக்கத்தில் ஐந்து ஏக்கர் மனைக்குள் ஓடப்போகும் இரண்டடி வாய்க்காலைப் படிக்க வேண்டுமென்றால் கடலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். வரைபடம் வரைகிறவர்கள் எல்லோரும் மாடியிலிருந்து கீழே இறங்கி, வாசலோடு நின்றுவிடுகிறார்கள். என் வேலை வாசலுக்கு வெளியே ஆரம்பிக்கிறது.

ஒரு திட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊரும் பில்டரும் இருக்கட்டும். சதுப்பு நிலத்துக்கு மேல்பக்கம் பழைய ஏரி ஒன்றின் ஆயக்கட்டில் இருந்த நஞ்சை நிலம். வடக்கு தெற்காக 200 மீட்டர், கிழக்கு மேற்காக 100 மீட்டர், ஆக 2 ஹெக்டேர், ஏறக்குறைய ஐந்து ஏக்கர். வடக்கே தெரு. தெற்கே ஏற்கெனவே வீடுகள் வந்துவிட்ட பழைய மனைப்பிரிவு. கிழக்கே புதரும் சம்புப் புல்லும் மண்டிய ஒரு பள்ளம். நிலத்தின் இயற்கை மட்டம் கடல் மட்டத்திலிருந்து 6 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அதைச் சவுடு கொட்டி உயர்த்தி, உட்சாலைகளை 6.50-ல் வைப்பதாகத் திட்டம். மழைநீர் முழுவதையும் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோய்த் தெரு வடிகாலில் விடுவதாகக் காட்டியிருந்தார்கள்.

கணக்கைப் போட்டிருந்தவர் வடிவமைப்பு நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஒரு பெண். கணக்கு சுத்தமாக இருந்தது. மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை, கூரையும் சாலையுமாக மூடப்பட்ட நிலத்துக்கு ஓட்டக் குணகம் 0.8, பரப்பு 2 ஹெக்டேர். மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு 0.44 கன மீட்டர் வரும். அதற்கு 60 சென்டிமீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் ஆழத்தில் காங்கிரீட் வாய்க்கால், ஐந்நூறுக்கு ஒன்று வாட்டம். மேனிங் சூத்திரத்தில் போட்டால் அந்த வாய்க்கால் நொடிக்கு 0.48 கன மீட்டர் வரை கொண்டுபோகும். வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். மண் தங்காமல் இழுத்துப் போக வேண்டிய 0.6 மீட்டருக்கு மேலேயே இருக்கிறது, காங்கிரீட்டை அரிக்கும் வேகத்துக்கு வெகு கீழே இருக்கிறது. தேர்வுத்தாளாக இருந்தால் முழு மதிப்பெண்.

"சார், சைஸ் பத்தாதுன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"சைஸ் சரிதாம்மா. வாய்க்கால் முடியற இடத்துல அடிமட்டம் என்ன போட்டிருக்கீங்க?"

தெற்குக் கோடியில் சாலை 6.50, வாய்க்கால் ஆழம் 0.75, ஆக அடிமட்டம் 5.75. அங்கிருந்து 200 மீட்டருக்கு ஐந்நூறுக்கு ஒன்று வாட்டம் என்றால் 40 சென்டிமீட்டர் இறக்கம். வடக்கு முனையில் 5.35. தெரு வடிகாலின் அடிமட்டத்தை நாங்கள் ஸ்லாபைத் தூக்கி ஆட்டோ லெவலில் எடுத்திருந்தோம். 5.30. அவர் முகம் தெளிந்தது. ஐந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறதே!

"தெரு வடிகால் காலியா இருந்தா நீங்க சொல்றது சரி. உங்க மனையில கொட்டற அதே மழைதானே தெருவுலயும் கொட்டும்? அது நெறஞ்சு ஓடும்போது மட்டம் என்ன இருக்கும்?"

தெருவின் விளிம்பு 6.10. வடிகால் நிரம்பி ஓடினால் நீர்மட்டம் 6 மீட்டரைத் தொடும். அப்போது மனைக்குள் இருக்கும் வாய்க்காலின் வாய் அறுபத்தைந்து சென்டிமீட்டர் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அது மட்டும் இல்லை, தெற்குக் கோடியின் அடிமட்டமே 5.75 என்பதால், இருநூறு மீட்டர் நீளத்துக்கும் தெருத் தண்ணீர் பின்னால் ஏறி வந்து நிற்கும். சூத்திரத்தில் போட்ட 0.48 கன மீட்டர், வாய்க்காலின் வாய் தடையின்றித் திறந்திருந்தால் மட்டும் கிடைப்பது. அவர் பென்சிலை எடுத்து நீள்வெட்டுப் படத்தின் மேல் 6.00 என்று ஒரு கோடு கிழித்தார். கோடு வாய்க்காலின் தலைமாடு வரைக்கும் போனது. அதற்குப் பிறகு நான் விளக்க எதுவும் இருக்கவில்லை. அந்த ஒரு கோட்டைக் கிழிக்காமலே கையெழுத்தான தாள்கள் நிறைய உண்டு என்பதுதான் எனக்கு வருத்தம். வடிகால் வரைபடத்தில் அளவுகள் இருக்கும், வாட்டம் இருக்கும், இரும்புக் கம்பி விவரம்கூட இருக்கும். சேரும் இடத்தின் நீர்மட்டம் மட்டும் இருக்காது.

கிழக்குப் பள்ளத்துக்கு வருகிறேன். புலப்பட வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பட்டாவைப் பார்த்து நிலம் யாருடையது என்று வழக்கறிஞர் சொல்லிவிடுவார். தண்ணீர் யாருடையது என்று சொல்வது புலப்படம். அந்தப் பள்ளம் புலப்படத்தில் இரட்டைக் கோடாக ஓடியது. அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தது. பில்டரின் வரைபடத்தில் அதே இடம் வெள்ளையாக விடப்பட்டு, 'காலி நிலம்' என்று ஒரு வரி.

நேரில் நடந்தோம். ஆயக்கட்டு இருந்த நாளில் அங்கே நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். கூப்பிட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இன்னும் எந்த வரப்பு எங்கே இருந்தது என்று அவருக்குக் கால் சொல்லும். தென்மேற்கு மூலையில் நின்று கையை நீட்டினார்.

"ஏரி மறுகா போனா இந்தக் கழனி வழியாத்தான் சார் தண்ணி எறங்கும். அதோ அந்தக் காவாய்ல போய் விழுந்து சதுப்புக்குப் பூடும். தெருப்பக்கம் ஒருநாளும் போனதில்ல."

"இந்த வீடுங்க இருக்கிற எடத்துத் தண்ணி, பெரியவரே?"

"அதுவும் இப்படித்தான். கழனிக்குக் கழனி மடை ஒடச்சு வுட்டுடுவோம். இப்ப நீங்க செவுரு கட்டிட்டா அவங்க எங்க வுடுவாங்க?"

அவர் கேட்ட கேள்வி எந்த ஒழுங்குமுறைப் படிவத்திலும் இல்லை. தெற்கே இருந்த வீடுகளின் தரை 6.05. மனையை 6.50-க்கு உயர்த்தி, அதற்கு மேல் சுற்றுச்சுவரும் எழுப்பினால், அது அந்த வீடுகளுக்கு ஏரிக்கரை மாதிரி. தண்ணீர் நிற்கும் பக்கம் அவர்கள் பக்கம். உயர்த்திக் கட்டினால் பாதுகாப்பு என்று வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். உயர்த்திய மனையிலிருந்து விலகும் தண்ணீர் காற்றில் கரைவதில்லை, உயர்த்த வசதி இல்லாதவர் வீட்டு வாசலுக்குப் போகிறது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். முதலில் தெருச் சாலை அவர்களுக்கு மேலே போனது, பிறகு பக்கத்து மனை. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குச் சவுடு லாரி என்றாலே கோபம் வரும். மண் கொட்டுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்து மட்டங்களைக் கேட்காத அனுமதி எதுவும் அனுமதியே ஆகாது என்பது என் கருத்து.

பெரியவர் எங்களைக் கால்வாய் ஓரத்து மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப் போனார். சுவரில் 2015 டிசம்பர் வெள்ளத்தின் கறை இன்னும் இருந்தது. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவான வெள்ளம் அது. கறைக்கு லெவல் எடுத்தோம், 6.30 வந்தது. சாதாரண மழைக்காலத்தில் கால்வாய் எதுவரை வரும் என்று கேட்டபோது, சிறுபாலத்தின் பக்கச் சுவரில் பாசி நிற்கும் கோட்டைக் காட்டினார். அது 5.20. தூர் வாராத நிலையிலும் அவ்வளவுதான். அலுவலகத்தில் உட்கார்ந்து எந்த மென்பொருளை ஓட்டினாலும் இந்த இரண்டு எண்களுக்கு ஈடான எதையும் பெற்றிருக்க முடியாது.

5.20 என்ற எண் திட்டத்தையே திருப்பிப் போட்டது. தெரு வடிகாலை நம்பி வடக்கே போவதற்குப் பதிலாகக் கிழக்கே கால்வாய்க்குப் போனால் வாய்க்காலின் ஓட்டம் பாதியாகச் சுருங்கும். நீளம் குறைந்தால் இறக்கமும் குறையும், முடியும் இடத்தின் அடிமட்டத்தை 5.50-ல் வைக்கலாம். கால்வாய் நிறைந்து ஓடும்போதும் முப்பது சென்டிமீட்டர் கீழேதான் இருக்கும், தண்ணீர் விழுந்து ஓடும். நிலத்தின் பழைய போக்கும் அதுதான். ஆனால் கால்வாய் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பது. அதில் விட அனுமதி வாங்க வேண்டும், அதன் அகலத்தை மீட்டு எல்லைக் கல் நட வேண்டும், கரையில் இடம் விட வேண்டும். பில்டர் தரப்பில் கால்வாயைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி, மூலையில் செங்கோணமாகத் திருப்பிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. அகலம் குறையாதே என்றார்கள். அகலம் குறையாது. ஆனால் செங்கோணத்தில் திரும்பும் வாய்க்கால் அந்த மூலையில் மண்ணைப் போடும், எதிர்க்கரையை அரிக்கும், நாலு மழைக்காலத்தில் அங்கே ஒரு மேடு எழும்பும். கால்வாயைத் தொடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கழனியாக இருந்தபோது அந்த நிலத்தின் ஓட்டக் குணகம் 0.3 என்று வைத்தால், கட்டடம் வந்த பிறகு 0.8. மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் இந்த வித்தியாசம் மட்டும் ஒரு மணி நேரத்தில் 1,000 கன மீட்டர், அதாவது பத்து லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகளில் எண்பதுக்கும் மேல். நேற்றுவரை அந்தக் கால்வாய்க்கு இவ்வளவு வேகமாக வராத தண்ணீர். கால்வாய் கிழக்கே இருக்கிறது என்பதற்காக இதை அப்படியே தள்ளிவிட்டால், கீழே இருக்கிற ஊருக்குத் தெற்கு வீட்டுக்காரர்களின் கதைதான். அதனால் அதிகப்படி நீரை உள்ளேயே சிறிது நேரம் நிறுத்தி வைக்கச் சொன்னேன். குடியிருப்பின் சொந்தப் பூங்காவாகக் காட்டியிருந்த 1,200 சதுர மீட்டரை நாற்பது சென்டிமீட்டர் தாழ்த்தினால் 480 கன மீட்டர். கூரைத் தண்ணீருக்கு 500 கன மீட்டரில் தரைக்கீழ்த் தொட்டி. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட அந்த ஆயிரம். தொட்டியை மழைக்கு முன் காலியாக வைத்தால்தான் பயன், அதற்கும் ஒரு வரி எழுதினோம்.

பூங்கா என்றதும் திறந்தவெளி ஒதுக்கீட்டைச் சொல்ல வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் சாலைகள் நீங்கலாகப் பத்து விழுக்காட்டு நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். மனையில் எது பள்ளமான, கோணலான, எதற்கும் உதவாத மூலையோ அதுதான் பெரும்பாலும் இந்த ஒதுக்கீடாக வரும். குழந்தைகள் விளையாட வேண்டிய இடம் அது. ஒதுக்கீட்டு நிலத்துக்குத் தனியாக மட்டம் காட்டாத வரைபடத்தை நான் ஏற்பதில்லை. பில்டரின் தண்ணீரைத் தேக்கவும் அதைப் பயன்படுத்தக் கூடாது, அது பொதுமக்கள் சொத்து.

மழைநீர்ச் சேகரிப்புக் குழிகள் தமிழகத்தில் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். நல்ல சட்டம். திருவான்மியூர், பெசன்ட் நகர் மணலில் அவை அருமையாக உறிஞ்சும். சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண்ணில், அதுவும் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் கார்த்திகையில், குழிக்குள் தண்ணீர் இறங்காது. குழிகளை எண்ணி ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும் கணக்கை அந்தப் பகுதியில் நான் அடித்துவிடுவேன். குழிகள் இருக்கட்டும், வெள்ளக் கணக்கில் வேண்டாம்.

சாலைகளைப் பார்க்கும்போதும் என் கண் வடிகாலில்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. தேசியக் கட்டடத் தொகுப்பு, தீயணைப்பு வண்டி வர ஆறு மீட்டர் அகலத்தில் 45 டன் தாங்கும் கெட்டியான தளம் கேட்கிறது, திரும்ப ஒன்பது மீட்டர் ஆரம் கேட்கிறது. வரைபடத்தில் ஆறு மீட்டர் இருக்கும். உற்றுப் பார்த்தால் அதில் எழுபத்தைந்து சென்டிமீட்டர் வாய்க்காலின் மேல் ஸ்லாப். ஸ்லாபின் கம்பி விவரத்தைத் தேடிப் போனால் ஆள் நடக்கும் பாரத்துக்குப் போட்டிருப்பார்கள். ஏணி வண்டி தன் பக்கக் கால்களை ஊன்றும் இடம் சரியாக அந்த ஓரம்தான். மேன்ஹோல் மூடிகளிலும் இதே கதை. பத்து டன் மூடி கார்கள் நிற்கும் இடத்தில் சரி, வண்டி போகும் பாதையில் 35 டன் மூடி போட வேண்டும். இந்தத் திட்டத்தில் மூலைகளில் வாய்க்காலைச் சாலைக்கு வெளியே தள்ளி, நுழைவாயிலில் மட்டும் கனரக ஸ்லாப் போட்டோம். கொஞ்சம் செலவு கூடியது.

வேகத்தடை இன்னொன்று. வாட்டத்துக்குக் குறுக்கே பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வேகத்தடை போட்டால் அது சின்ன அணைதான். இரண்டு ஓரத்திலும் முப்பது சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் போடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். நடைமேடை விளிம்புக் கல்லிலும் தண்ணீர் இறங்கக் கம்பிச் சட்டம் போட்ட வாய்கள் வேண்டும். வாய்க்கால் பெரிதாக இருந்து அதற்குள் தண்ணீர் இறங்க வழி இல்லாமல், சாலையில் முழங்கால் அளவு நீரும் உள்ளே வெறும் தரையுமாகக் கிடந்த குடியிருப்பைப் பார்த்திருக்கிறேன். வாதாம் மரத்தடியில் அந்த வாயை வைத்தால் இலையே அடைத்துவிடும். மரம் எங்கே வருகிறது என்று அந்தப் பச்சை வட்டங்களை அப்போதுதான் பார்ப்பேன்.

தரைக்கீழ் வாகன நிறுத்தத்தின் சரிவுப்பாதை உச்சிக்கு 6.90 கேட்டேன். மோட்டார் கொட்டகையில் பார்த்த 6.30-க்கு மேல் அறுபது சென்டிமீட்டர். வெளித் தெருவை உயர்த்தினாலும் தாங்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். அந்த ஒழுங்கு எல்லாத் தெருவுக்கும் வரும்வரை என் கணக்கில் தெரு கொஞ்சம் ஏறும் என்றே வைப்பேன். மின்மாற்றியும் ஜெனரேட்டரும் தரைக்கீழே வரக் கூடாது என்றும் எழுதினேன். தண்ணீர் இறைக்கும் பம்புக்கு மின்சாரம் தரும் இயந்திரம் பம்புக்கு முன்னால் மூழ்கினால் என்ன செய்வது? 2015-ல் பல குடியிருப்புகளில் அதுதான் நடந்தது.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. அதிலிருந்து புறப்படும் ஒவ்வொரு குழாயையும் விரலால் தொடர்ந்து போய் எங்கே முடிகிறது என்று பார்ப்பேன். 'அவசர வழிவு' என்ற பெயரில் ஒரு கோடு மழைநீர் வாய்க்காலில் சேர்ந்திருந்தால் சிவப்பு மை. அந்த அவசரம் தினமும் வரும்.

தெற்கு வீடுகளுக்குத் தீர்வாக, சுற்றுச்சுவருக்கு வெளிப்புறம் பில்டர் தன் நிலத்திலேயே ஒன்றரை மீட்டர் விட்டு, அவர்கள் தண்ணீரை வாங்கிக் கிழக்குக் கால்வாயில் சேர்க்கும் தனி வாய்க்கால் கட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். இதில்தான் பேச்சு இழுத்தது. நிலத்தின் விலையைச் சொன்னார்கள். இருநூறு சதுர மீட்டருக்கும் குறைவான நிலம், ஆனால் அந்தப் பகுதியில் அதன் விலை சிறிதில்லை என்பது உண்மை. நான் அவர்களிடம் சட்டம் பேசவில்லை. பெரியவரைக் கூட்டத்துக்கு அழைத்து வந்து, கழனியில் தண்ணீர் போன வழியை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். பில்டர் நிறுவனத்தின் மூத்தவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மேல்மடைக்காரன் தண்ணீரைக் கீழ்மடைக்காரன் மறித்தால் ஊரில் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வாய்க்கால் கட்டப்பட்டது.

கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றுக்கு முன்னால் ஒருமுறை போவது என் வழக்கம். வரைபடத்தில் 5.50 என்று இருப்பதும் காங்கிரீட்டில் 5.50 என்று இருப்பதும் வேறு வேறு. ஆங்காங்கே ஸ்லாபைத் தூக்கி அடிமட்டம் எடுத்தோம். ஓர் இடத்தில் வாய்க்காலுக்குள் சென்ட்ரிங் பலகையும் இறுகிப்போன சிமென்ட் மூட்டைகளும் அப்படியே கிடந்தன. மேலே மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது, அடுத்த மழைக்குத்தான் தெரியும். அவற்றை எடுக்க வைத்துவிட்டு, மேற்குக் கோடியில் ஒரு லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். அந்தப் பெண் பொறியாளர் கிழக்கு முனையில் கைப்பேசியோடு நின்றார். தண்ணீர் எங்கும் தேங்காமல் வந்து விழுகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் கையெழுத்து.

வடிகாலின் நீள்வெட்டுத் தாளைக் குடியிருப்போர் சங்கத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தாக வேண்டும் என்று கடைசி நிபந்தனையாக எழுதியிருந்தேன். அது உதவியது. குடியேறிய மறு வருடமே, தாழ்த்தப்பட்ட பூங்காவில் மழைக்குச் சேறாகிறது, மண் போட்டு நிரவி இறகுப்பந்து மைதானம் ஆக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்திருக்கிறது. செயலாளர் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். 480 கன மீட்டர் என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டி, இதை நிரவினால் இந்தத் தண்ணீர் உங்கள் கார்கள் நிற்கும் தளத்தைத் தேடி வரும் என்றேன். மைதானத்தை மாடியில் போட்டுக்கொண்டார்கள். பூங்காவில் சேறு ஆகாமல் இருக்க அருகம்புல் பதித்து, நடக்கும் பாதையை மட்டும் கல் பாவி உயர்த்தியிருக்கிறார்கள். புரட்டாசியில் வாய்க்கால்களைத் தூர் வாருவதைச் சங்கத்தின் ஆண்டு வேலைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தெற்கு வீட்டுக்காரர்களின் வாய்க்காலையும் அதே ஆட்களே வாரிவிடுகிறார்கள்.